வேலிகாத்தானுக்கு முன்னும் பின்னும்

எங்க பக்கம் சீமைக்கருவேல மரத்துக்கு இன்னொரு பேரு உண்டு. வேலிகாத்தான். அந்தப் பேரைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. கண்மாயை நாசம் பண்ணுன மரம், கிணத்தை வத்த வச்ச மரம்னு இன்னிக்கு எல்லாரும் திட்டுற மரத்துக்கு, ஒரு காலத்துல நம்ம ஆளுங்க நன்றியோட வச்ச பேரு அது. வேலியைக் காத்தவன். ஒரு மரம் நல்ல பேரோட ஊருக்குள்ள வந்து, கெட்ட பேரோட நிக்கிற கதை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கு.

இந்தக் கதையை இப்ப எழுதக் காரணம் இருக்கு. நாலஞ்சு வருஷமா ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மலை தெரியுற மாதிரி இடம் வேணும்னு சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆளுங்க வந்து நிலம் வாங்குறாங்க. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர். வாங்குனதும் அவங்க கேக்குற முதல் கேள்வி விளைச்சலைப் பத்தியோ தண்ணியைப் பத்தியோ இல்ல. "சுத்தி மறைப்புக்கு என்ன மரம் வைக்கலாம்? சீக்கிரமா வளரணும், பச்சையா இருக்கணும், ஆடு மாடு தின்னக் கூடாது." இதைத்தான் கேக்குறாங்க.

நியாயமான கேள்விதான். ஆனா இதே கேள்வியை இதே மண்ணுல முந்நூறு வருஷமா வேற வேற ஆளுங்க கேட்டிருக்காங்க. பாளையக்காரர் கேட்டிருக்கார், பிரெஞ்சுக்காரன் கேட்டிருக்கான், உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்காரன் கேட்டிருக்கான், எங்க தாத்தாவும் கேட்டிருக்கார். அவங்களுக்குக் கிடைச்ச பதிலையும், அந்தப் பதில் பின்னாடி என்ன பண்ணுச்சுங்கிறதையும் தெரிஞ்சுக்கிட்டா, உங்க தோட்டத்துக்கு என்ன வைக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

காடே வேலியா இருந்த காலம்

அந்தக் காலத்துல கோட்டைக்கு மதில் மட்டும் போதாது. சுத்தி முள்ளுக்காடு வேணும். அதுக்குக் காவற்காடுன்னு பேரு. திருக்குறள்ல அரண் அதிகாரத்துலயே நீர், நிலம், மலையோட காட்டையும் ஒரு அரணாச் சேத்திருக்கார் வள்ளுவர். அந்த முறை எங்க பக்கம் 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் உசுரோட இருந்துச்சு.

சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல். இன்னிக்கு ராஜபாளையத்துல தென்காசி பஸ் ஏறுனா இந்தப் பக்கத்து ஊருங்களைத்தான் தாண்டிப் போவீங்க, இல்லேன்னா பிரியுற ரோட்டைப் பாப்பீங்க. எல்லாமே பாளையங்கள். மண்கோட்டை, அதைச் சுத்தி முள்ளு, அதுக்குப் பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை. 1759 டிசம்பர்ல யூசுப்கான், அதாங்க நம்ம மருதநாயகம், பீரங்கியோட வந்து வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிட்டு, பிடிக்க முடியாமத் திரும்பிப் போனார். 1783ல கர்னல் ஃபுல்லார்ட்டன் சிவகிரி மேல படை எடுத்தப்ப, பாளையத்து ஆளுங்க மலையடிவாரத்துக் காட்டுக்குள்ள போயிட்டாங்க. கும்பினிப் படை சண்டை போட்டதைவிட முள்ளை வெட்டி வழி உண்டாக்குனதுதான் பெரிய வேலையாப் போச்சு.

அந்த வேலியில என்ன இருந்துச்சு? இந்த மண்ணுல தானா முளைக்கிறதுதான். உடை, வெள்வேல், இலந்தை, சங்கமுள்ளு, கள்ளி, மூங்கில். ஒரே மரத்தை வரிசையா வச்ச வேலி இல்ல அது. உயரமானது, குட்டையானது, படர்றதுன்னு கலந்து கிடக்கும். ஒண்ணு பட்டாலும் இன்னொண்ணு நிக்கும். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

1801ல பாளையக்காரர் போர் முடிஞ்சதும் கோட்டைங்களை இடிக்கணும், யாரும் ஆயுதம் வைக்கக் கூடாதுன்னு கும்பினி உத்தரவு போட்டுச்சு. கோட்டை போனதும் காவற்காட்டுக்கும் வேலை போச்சு. விறகாவும் உழவு நிலமாவும் மாறிடுச்சு.

கடலோரத்துல ஒரு வேலி

மரத்தால மறைக்கிற வேலைக்குப் பெரிய உதாரணம் நம்ம புதுச்சேரியிலேயே இருந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க ஊருக்கு வெளிய, கடற்கரையில ஆரம்பிச்சு அரைவட்டமா வளைச்சு, திரும்பக் கடல்ல போய் முடியுற மாதிரி ஒரு உயிர்வேலி வளத்தாங்க. கள்ளியும் முள்ளுச்செடியும் அடர்த்தியா, நடுநடுவுல பனையும் தென்னையும். ரோடு உள்ள வர்ற இடத்துலெல்லாம் காவல் கொத்தளம். வில்லியனூர்ப் பக்கம் ஒண்ணு, அரியாங்குப்பம் பக்கம் ஒண்ணு. வேலிக்கு உள்ளேயே தோட்டமும் மேய்ச்சலும் குடியிருப்பும் இருந்துச்சு. குதிரைப்படை நேரா உள்ள பாய முடியாது.

1760 செப்டம்பர்ல ஆங்கிலேயப் படை அந்த வேலியைப் பிடிச்சுச்சு. அதோட ஊருக்குள்ள ஆடு மாடு, அரிசி வர்றது நின்னு போச்சு. நாலு மாசம்தான். 1761 ஜனவரியில பட்டினி தாங்காம லல்லி சரணடைஞ்சார். கல் கோட்டை அப்படியே நின்னுச்சு, செடி வேலி கை மாறுனதும் ஊரு விழுந்துருச்சு. உயிர்வேலி ஒரு ஊருக்கு என்னவா இருந்துச்சுங்கிறதுக்கு இதைவிட வேற சாட்சி வேணாம்.

உப்புக்குப் போட்ட வேலி

அதைவிடப் பெரிசு ஒண்ணு வடநாட்டுல நடந்துச்சு. உப்பு வரியை ஏமாத்தி யாரும் உப்பைக் கடத்திடக் கூடாதுன்னு, சிந்து நதிப் பக்கத்துல இருந்து ஒடிசா எல்லை வரைக்கும் வெள்ளைக்காரன் ஒரு சுங்கக் கோடு போட்டான். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். காவலுக்கு 12,000 ஆளுக்கு மேல. அந்தக் கோட்டுல ரொம்ப தூரத்துக்கு உயிர்வேலியே வளத்தாங்க. ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாடி 1885ல காங்கிரஸ் கட்சியை ஆரம்பிச்சவர்ல ஒருத்தர், 1867ல இருந்து சில வருஷம் அந்த வேலைக்குப் பெரிய அதிகாரி.

முதல்ல காஞ்ச முள்ளை வெட்டிப் போட்டுப் பாத்தாங்க. கரையான் தின்னுச்சு, தீப்பிடிச்சுச்சு, காத்துல பறந்துச்சு. வருஷா வருஷம் புதுசாப் போட வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் உசுரோட இருக்கிற வேலிதான் நிக்கும்னு முடிவுக்கு வந்தாங்க. இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி, திருகுகள்ளின்னு அந்தந்த மண்ணுக்கு எது வந்துச்சோ அதை வச்சாங்க. நல்லா வந்த இடத்துல 10 அடியிலிருந்து 14 அடி உயரம், 6 அடியிலிருந்து 12 அடி அகலம். 1879ல அந்தச் சுங்கக் கோட்டையே எடுத்துட்டாங்க. வேலி கொஞ்ச வருஷத்துல காணாமப் போச்சு. ராய் மாக்ஸம்ங்கிற இங்கிலாந்துக்காரர் அதைத் தேடி அலைஞ்சு எழுதுன புத்தகம் 2001ல வந்த பிறகுதான் நிறையப் பேருக்கு அப்படி ஒரு வேலி இருந்ததே தெரிஞ்சுச்சு. நம்ம ஆளு அந்த வேலிக்குப் பேரு வச்சிருந்தா வேலிகாத்தான்னு வச்சிருக்க மாட்டான். அது காத்தது வெள்ளைக்காரன் கஜானாவை.

ஆனா ஒரு விவசாயியா நான் அதுல இருந்து எடுத்துக்கிறது இது: 4,000 கிலோமீட்டருக்கு ஒரே செடி செல்லுபடியாகலை. மண்ணைப் பாத்துத்தான் வைக்க முடிஞ்சுச்சு. அரசாங்கத்துக்கே அப்படின்னா ஒரு ஏக்கர்காரன் நர்சரியில சொல்றதைக் கேட்டு வைக்கலாமா?

கள்ளி வந்த கதை, கள்ளி போன கதை

சப்பாத்திக்கள்ளியை நம்ம ஊருச் செடின்னு நெனைச்சுக்கிட்டு இருக்கோம். அது அமெரிக்காக் கண்டத்துச் செடி. கப்பல் போக்குவரத்து வந்த பிறகு இங்க வந்தது. 1780களோட கடைசியில மதராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு டாக்டர் இருந்தார். மெக்ஸிகோவுல கள்ளிச்செடியில வாழுற ஒரு சின்னப் பூச்சியை நசுக்குனா அருமையான செஞ்சாயம் வரும். ஸ்பெயின்காரன் அதுல கொள்ளைக் காசு பாத்தான். அந்தப் பூச்சியை இங்க வளக்கணும்னு சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டார் ஆண்டர்சன்.

1795ல பூச்சி வந்து சேந்துச்சு. ஆனா வந்தது நல்ல சாயம் கொடுக்கிற பூச்சி இல்ல, அதோட பங்காளி. சாயத் தொழில் எடுபடல. அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்னு தீத்துச்சு. இன்னொரு வகை, முள்ளு அதிகமா இருக்கிற நாகதாளியை அது தொடவே இல்ல. அந்த நாகதாளிதான் தெக்குச் சீமையில வேலியாவும், பின்னாடி வேலி தாண்டிப் பொறம்போக்கு, மேய்ச்சக்காடு, கோயில் நிலம்னும் பரவுச்சு. ஒரு இதழ் ஒடிஞ்சு விழுந்தா அங்க ஒரு செடி. வெட்டிப் போட்டாலும் கிடக்கிற இடத்துல வேர் விடும்.

1926ல இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டு வந்து நாகதாளி மேல விட்டாங்க. அஞ்சாறு வருஷத்துக்குள்ள காடு காடா நின்ன நாகதாளி அழுகிச் சாஞ்சுச்சு. எங்க தாத்தாவுக்கு அப்ப பதினஞ்சு வயசுக்குள்ள இருக்கும். "செடி மேல பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருக்கும்டா. நசுக்குனா ரத்தம் மாதிரி செவசெவன்னு கையெல்லாம் ஆகும்"னு சொல்வார். முள்ளு போச்சுன்னு ஊரு சந்தோஷப்பட்டுச்சாம். கூடவே வேலியும் போச்சேன்னு தோட்டக்காரங்க கவலைப்பட்டாங்களாம். ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள.

இதே செடி கடல் தாண்டி இன்னொரு பக்கமும் போச்சு. ஸ்பெயின்காரங்க மூலமா மத்தியதரைக் கடல் கரைக்குப் போயி, சிசிலி, துனீசியா, மொராக்கோ, பாலஸ்தீனம்னு எல்லா ஊர்லயும் தோட்டத்து வேலியா நின்னுச்சு. நம்மளைவிட ஒரு படி மேல போயி, அவங்க பழத்தைச் சந்தையில வித்தாங்க, இதழை மாட்டுக்குப் போட்டாங்க. நமக்கு விமோசனமா வந்த அதே வகைப் பூச்சி 2014ல மொராக்கோவுக்குள்ள நுழைஞ்சு, வேலி வேலியா அழிச்சுது. இங்க வரம், அங்க சாபம். பூச்சி மாறல, ஜனங்க அந்தச் செடியை என்னவா வச்சிருந்தாங்கங்கிறதுதான் மாறுச்சு.

வேலிகாத்தான்

இப்ப நம்ம கதாநாயகனுக்கு வருவோம். சீமைக்கருவேல விதை ஜமைக்காவிலிருந்து 1877ல வந்துச்சு. அப்ப மதராஸ் மாகாணத்துல இருந்த கடப்பை மாவட்டம் கமலாபுரத்துல நட்டாங்க. தாது வருஷப் பஞ்சம் நடந்துக்கிட்டிருந்த காலம் அது. காடெல்லாம் ரயிலுக்கும் அடுப்புக்கும் விறகாப் போயிட்டிருந்துச்சு. மழை இல்லாம வளர்ற மரம், வெட்ட வெட்டத் தழைக்கிற மரம்னா யாரு வேணாம்னு சொல்வா?

எங்க மாவட்டத்துல டீக்கடைக்கு டீக்கடை ஒரு கதை சொல்வாங்க, காமராஜர்தான் இதை வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்தார்னு. காமராஜர் விருதுநகர்ல பிறந்தது 1903ல. விதை வந்து இறங்கி 26 வருஷம் கழிச்சு. பின்னாடி வந்த காலத்துல அதிகாரிகளும் சரி, ஜனங்களும் சரி, விறகுக்கும் வேலிக்கும்னு அதைப் பரப்புனது உண்மை. ஒரு ஆளு தலையில மட்டும் பழியைப் போடுறது நியாயம் இல்ல. ஆசைப்பட்டு விதை வாங்கிட்டு வந்து போட்டதுல எல்லார் வீட்டுத் தாத்தாவுக்கும் பங்கு உண்டு.

ஏன் ஆசைப்பட்டாங்கன்னும் சொல்லணும். நாகதாளி போன பிறகு வேலி அடைக்கிறது பெரிய பாடு. தை, மாசியில உடை முள்ளை வெட்டி, கவைக்கம்பால தூக்கி வச்சு, மிதிச்சு அடைக்கணும். வாசலுக்குப் படல் கட்டணும். அடுத்த வருஷம் கரையான் அரிச்சுப் போகும், திரும்பவும் அடைக்கணும். மாடு வேலி தாண்டி மேஞ்சா சண்டை. 1871ல போட்ட கால்நடை அத்துமீறல் சட்டப்படி மாட்டைப் பிடிச்சுப் பவுண்டுல அடைப்பாங்க. அபராதம் கட்டித்தான் மீட்கணும். நான் சின்னப் பையனா இருந்தப்பகூட பவுண்டுத் தொழுவத்துல யாரு மாடு நிக்குதுங்கிறது ஊரு பூரா பேச்சா இருக்கும். அப்படிப்பட்ட காலத்துல, விதையைத் தூவுனா மூணு வருஷத்துல ஆடு நுழைய முடியாத வேலின்னு ஒண்ணு வந்தா அதுக்கு வேலிகாத்தான்னு பேரு வைக்காம என்ன பண்ணுவாங்க?

ஆனா அதோட நெத்து இனிப்பு. ஆடும் மாடும் ஆசையாத் தின்னும். விதை வயித்துல செரிக்காம, போற இடமெல்லாம் சாணியோட விழும். வேலிக்குன்னு வச்சது கண்மாய்க்குள்ள, ஓடைக்குள்ள, தரிசுக்குள்ள போனது மாடு மூலமாத்தான். எந்த மாட்டைத் தடுக்க வச்சோமோ அந்த மாடே விதைச்சுச்சு. வேலியே பயிரை மேயுறதுன்னு நம்மாளு சும்மா சொல்லலை. வெட்டுனா நாலு கொப்பு எட்டாகும். வேரோட தோண்டுனாத்தான் போகும்.

2015ல வைகோ தானே வாதாடி மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2017 ஆரம்பத்துல மாவட்டம் மாவட்டமா அகற்றச் சொல்லி உத்தரவு வந்து, ஊருக்கு ஊரு ஜேசிபி சத்தம்தான். அப்புறம் சென்னையில இடைக்காலத் தடை. 2022ல தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே வெளியிட்டுச்சு. இதுக்கு நடுவுல எங்க மாவட்டத்துக் கிழக்குப் பக்கம், திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்துல கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கு. மழை பொய்ச்ச வருஷத்துல அடுப்பெரிய வச்சது இந்த மரம்தான்னு அவங்க சொல்றாங்க. அதையும் பொய்னு தள்ள முடியாது.

கம்பி வந்த பிறகு

நானே வேலி அடைச்சவன்தான். இப்ப யாரும் முள்ளு அடைக்கிறது இல்ல. கல்லுத்தூண், சிமெண்ட் தூண், முள்ளுக்கம்பி, வலைக்கம்பி. ஆடு மாட்டுக்கு அது போதும். ஆனா எங்க பக்கம் இப்ப வர்றது ஆடு மாடு இல்ல. செண்பகத்தோப்பு, மம்சாபுரம், அய்யனார்கோயில், சேத்தூர், தேவதானம்னு மலையடிவாரம் பூரா காட்டுப்பன்னி. மக்காச்சோளம் பால் பிடிக்கிற சமயத்துல ஒரு ராத்திரியில ஒரு குறுக்கத்தை உழுது போட்டுட்டுப் போயிரும். சில சமயம் யானை இறங்கித் தென்னைக் குருத்தைப் பிடுங்கும். மலையில 1988ல இருந்து சாம்பல்நிற அணில் சரணாலயம், 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். காடு அதுங்களோடது, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. பொழியில நிக்கிற எங்களுக்குத்தான் ஒவ்வொரு ராத்திரியும் கணக்கு.

அந்தக் கோவத்துல சில பேரு கம்பியில நேரா கரண்டைக் கொடுத்துடுறாங்க. பன்னிக்குப் போட்டதுல யானை செத்திருக்கு, தண்ணி பாய்ச்சப் போன மனுஷனும் செத்திருக்கான். அது கொலை. சோலார் வேலி வேற, அதுல விட்டு விட்டு அடிக்கிற சின்ன அதிர்ச்சிதான். அதுக்கும் 2023ல அரசு தனி விதி போட்டிருக்கு, காட்டுக்குப் பக்கத்துல போட அனுமதி வாங்கணும். நிலம் வாங்குறவங்க இதை முதல்ல தெரிஞ்சுக்கங்க.

கிளுவை மறந்த கதை

இத்தனை கதையிலயும் ஒரு செடி சத்தமே போடாம நின்னுச்சு. கிளுவை. கொங்கு நாட்டுல காங்கேயம் பக்கம் போனா இன்னிக்கும் பாக்கலாம். கொறங்காடுன்னு சொல்ற மேய்ச்சல் நிலத்தைச் சுத்திக் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். காங்கேயம் மாடு பேரெடுத்ததுக்குப் பின்னாடி அந்த வேலி இருக்கு. மாட்டை உள்ள விட்டுட்டு ஆளு வேற வேலைக்குப் போகலாம்.

எங்க பக்கமும் கிளுவை இருந்துச்சு. வேலிகாத்தான் வந்ததும் விட்டுட்டாங்க. காரணம் ஒண்ணுதான், கிளுவை மெதுவா வரும். மழைக்கு முந்தி கை தடிமன்ல நாலடி, அஞ்சடிப் போத்து வெட்டி, நெருக்கமா ஒரு அடி ஆழத்துல ஊனணும். முதல் ரெண்டு வருஷம் ஆடு கடிக்காமப் பாத்துக்கணும். நெருங்கி வேலியா நிக்க நாலஞ்சு வருஷம் ஆகும். அதுக்கப்புறம் தலைமுறைக்கும் நிக்கும். தண்ணி கேக்காது, பக்கத்துக் காட்டுக்குள்ள போய் முளைக்காது. அவசரப்பட்ட காலத்துல பொறுமையான செடி தோத்துப் போச்சு.

இப்ப புதுசா வந்திருக்கிறவன்

இந்த வரலாறு முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க. இப்ப நர்சரிக்குப் போனா மறைப்புக்குன்னு முதல்ல காட்டுறது கோனோகார்பஸ். செங்கடல் ஓரத்து ஆப்பிரிக்கா, அரபு நாட்டுப் பக்கத்து மரம். வளைகுடா நாடுகள்ல ரோட்டோரத்துக்கும் வீட்டு மறைப்புக்கும் நிறைய வச்சாங்க. அங்க இருந்து இங்க வந்துச்சு. வெயிலு தாங்கும், உப்புத்தண்ணி தாங்கும், பச்சைச் சுவரு மாதிரி அடர்த்தியா வரும், ஆடு அவ்வளவா தொடாது. எல்லாம் உண்மை. ஆனா தண்ணிக் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போற வேரு, பூக்கிற காலத்துல மகரந்தத்தால மூச்சுத் தொந்தரவுன்னு புகார் வந்து, 2023ல குஜராத் அரசு தடை பண்ணுச்சு. பிறகு தமிழ்நாடு அரசும் வைக்க வேணாம்னு உத்தரவு போட்டுச்சு. ஆனாலும் செடி கிடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு.

என் காட்டுக்குத் தெக்கால ஒண்ணரை ஏக்கர் வாங்குன தம்பி, ஐடி கம்பெனியில வேலை, நல்ல பையன். நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவான பொழியில 200 கோனோகார்பஸ் வைக்கலாம்னு வந்தார். "அண்ணாச்சி, ஒரே வருஷத்துல ஆள் உயரம் தாண்டிருமாம். செலவு நான் பாத்துக்கிறேன்"னார். அந்தப் பொழிக்கு 30 அடி தள்ளித்தான் என் கிணறு. சொட்டுநீர்க் குழாயும் அந்த வழியாத்தான் போகுது. வேணாம்னு மட்டும் சொன்னா, கிழவன் பொறாமையில சொல்றான்னு ஆகிப்போகும். அதனால இப்ப உங்ககிட்ட சொன்ன கதை பூராவையும் அவர்கிட்டயும் சொன்னேன். கடைசியில அவரு ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப உங்களுக்கு மறைப்பு வேணாமா அண்ணாச்சி?"

வேணும். எனக்கும் வேணும். ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேகாத்து வாழையை நாராக் கிழிச்சுப் போட்டுரும். அதனால மறைப்பு என்ன வேலைக்குன்னு முதல்ல பிரிச்சுக்கணும்னு சொன்னேன்.

காத்துக்கு வைக்கிறதுன்னா சுவரு மாதிரி அடைக்கக் கூடாது. சுவருல மோதுன காத்து மேல ஏறி, அந்தப் பக்கம் சுழிச்சு இறங்கும், சேதம் கூடும். பாதிக் காத்தை உள்ள விட்டுப் பாதியைத் தடுக்கிற மரம்தான் நல்லது. மரத்தோட உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கு வேகம் குறையும். பிரான்ஸ் நாட்டுத் தெக்குக் கரையில மிஸ்ட்ரால்னு ஒரு வடகாத்து அடிக்கும். அங்க தோட்டத்துக்கு வடக்க சைப்ரஸ் மரத்தை வரிசையா வச்சிருப்பாங்க. நம்ம கொடிக்காலைச் சுத்தியும் வாழைத்தோட்ட ஓரத்துலயும் அகத்தி, சித்தகத்தி வைக்கிறதும் அதே கணக்குத்தான். எங்களுக்கு மேற்குப் பக்கம் ரெண்டு வரிசை. வெளி வரிசை பனை, உள் வரிசை அகத்தி. பனை ஆளாக இருபது வருஷம் ஆகும், அதுவரைக்கும் அகத்தி பாத்துக்கும். பனையை வெட்ட இப்ப கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அறிவிச்சுட்டாங்க, அதனால வைக்கிறப்பவே யோசிச்சு ஓரமா வைக்கணும்.

கண்ணு மறைப்புக்குன்னா, ரோட்டுப் பக்கம் மட்டும் போதும். நெட்டிலிங்கம் நம்ம நாட்டு மரம், இடம் அடைக்காது. நாலுவழிச்சாலை நடுவுல எதிர்ல வர்ற வண்டி வெளிச்சத்தை மறைக்க அரளி வச்சிருக்கிறதைப் பாத்திருப்பீங்க. அரளியும் நல்ல மறைப்புத்தான், மத்தியதரைக் கடல்ல இருந்து நம்ம ஊரு வரைக்கும் இயற்கையா வளர்ற செடி. ஆனா முழுக்க விஷம். ஆடு மாடு, சின்னப் பிள்ளைங்க இருக்கிற பக்கம் வேணாம்.

ஆளும் ஆடும் நுழையாம இருக்கணும்னா கிளுவை, நடுநடுவுல களா, இலந்தை, கொடுக்காப்புளி. கொடுக்காப்புளியும் மெக்ஸிகோப் பக்கம் இருந்து வந்ததுதான். வெளியூருச் செடி எல்லாமே கெட்டதுன்னு நான் சொல்ல வரல. வந்து இத்தனை காலம் ஆகியும் அது நம்மகிட்ட சண்டைக்கு நிக்கல, அவ்வளவுதான்.

தம்பி ஒரு வாரம் யோசிச்சுட்டு வந்து, பொழியில கிளுவைக்கு ஒத்துக்கிட்டார். அது வளர்ற வரைக்கும் அவரு பக்கம் வலைக்கம்பி போட்டுக்கிறார். அதுல அவரைக் கொடியும் கோவைக்கொடியும் ஏத்தி விட்டா ஆறு மாசத்துல பச்சையா மறைச்சுரும். அவரோட அவசரத்துக்கு அது போதும். காட்டுப்பன்னிக்கு இது எதுவும் பத்தாது, அதையும் மறைக்காமச் சொல்லிட்டேன். கிளுவை நெருக்கமா நின்ன பிறகு எத்தனை பன்னி திரும்பிப் போகுதுன்னு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்.

நிலம் வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். நர்சரியில ஒரு செடியைக் காட்டி "சீக்கிரம் வளரும், எதுவும் தின்னாது, தண்ணியே வேணாம்"னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. இதோட விதை எது மூலமாப் பரவும்? வெட்டுனா சாகுமா, தழைக்குமா? இதோட வேரு எவ்வளவு தூரம் போகும்? இந்த மூணையும் 1877ல யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா எங்க கண்மாய் இன்னிக்கு வேற மாதிரி இருந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முந்தி எங்க பொழியில கிளுவைப் போத்து ஊனப் போறோம். போத்து வேணும்னா வாங்க, விலைக்கு இல்ல, வெட்டிக்கிட்டுப் போகலாம்.